கல்லு கரையும்னாங்க

எங்கள் பக்கத்தில் பீர் என்றால் அது மருந்து. பிராந்தி, விஸ்கி எல்லாம் குடி. பீர் மட்டும் மருந்து. உடம்பு சூடு பிடித்தால் பீர், ஆள் ஒல்லியாக இருந்தால் பீர், எல்லாவற்றுக்கும் மேலே கிட்னியில் கல் இருந்தால் பீர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று யாரிடம் வேண்டுமானாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். "ரெண்டு பீர் அடிங்க சார், கல்லு கரைஞ்சு ஒண்ணுக்கோட போயிரும்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லுவான். இதை முதலில் கிளப்பிவிட்டவன் எவனோ தெரியாது. கையில் கிடைத்தால் கன்னம் பழுக்க நாலு வைப்பேன்.

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்றால், அந்தப் பீரைக் காய்ச்சுகிறவனே நான்தான். வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அரியலூர் சிமெண்ட் ஆலை ஒவ்வொன்றுக்கும் காவடி எடுத்து, ஒன்றும் அமையாமல், கடைசியில் பக்கத்து மாவட்டத்துப் பீர் கம்பெனியில் வேலை கிடைத்தது. புளிக்க வைக்கிற தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மா ஊரில் யார் கேட்டாலும் "கூல்டிரிங்ஸ் கம்பெனி" என்றுதான் சொல்லுவாள். அது ஒரு விதத்தில் உண்மைதான். கூல் இல்லாமல் எங்கள் சரக்கு கிடையாது.

அக்காதான் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "வேற வேலையே கெடைக்கலியாடா ஒனக்கு? ஒரு குடிகாரன் வூட்டுல பொறந்துட்டு, ஊரையே குடிகாரனாக்கப் போறியா?" எங்கள் அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் அக்கா கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். மாப்பிள்ளைக்கு நிலம் இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று அவள் கேட்கவே இல்லை. குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படித் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஆள்தான் மாமா. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். லாரி டிரைவர், குடிக்க மாட்டார் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் நிஜம். ஒருமுறை இருமல் டானிக்கில் ஏதோ கலந்திருக்கிறது என்று யாரோ சொன்னதற்காக, பாதி பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிய மனுசர் அவர்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஆனால் அந்த வீட்டில் எப்போதும் பத்துப் பேர் இருக்கிற மாதிரி சத்தம் கேட்கும். மாமா லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் அன்றைக்கு ரோட்டில் பார்த்ததையெல்லாம் நடித்தே காட்டுவார். எதிரே வந்தவன் எப்படி முறைத்தான், டீக்கடைக்காரன் எப்படிச் சிரித்தான், எல்லாம் வரும். அக்கா "போதும், வாய மூடிட்டுச் சாப்புடுங்க" என்று திட்டிக்கொண்டே சிரிப்பாள். அப்பா இருந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கல் ஒரு கோடையில் வந்தது. வராமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத் தண்ணீரே சுண்ணாம்பு. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதைக்கூட அவர் ஒழுங்காகக் குடித்ததில்லை. நடுவழியில் ஒண்ணுக்குப் போக வண்டியை ஓரங்கட்ட வேண்டுமே என்று, தண்ணீரே குடிக்காமல் வெயிலில் ஓட்டுவார். ஒருநாள் குவாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்ததில் இடது பக்கம் கல். டாக்டர் மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வாருங்கள், தானாகப் போகவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த 'எடுத்துவிடலாம்' என்ற வார்த்தையில் மாமா அரண்டுபோனார். வயிற்றைக் கிழித்தால் அப்புறம் வண்டி ஓட்டவே முடியாது என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் கிழிக்காமலே எடுக்கிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். காதிலேயே ஏறவில்லை. "ஆஸ்பத்திரின்னு உள்ள போனவன் முழுசா வெளிய வந்ததா சரித்திரமே இல்ல மாப்ள" என்பார். கூட ஓட்டுகிற டிரைவர்களோ ஒரே குரலில் பீரைச் சொன்னார்கள். அதில் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெரியவர், தனக்கே பீர் குடித்துக் கல் விழுந்ததாகச் சத்தியம் பண்ணினார். அவருக்குச் சின்னக் கல்லாக இருந்திருக்கும், தானாகவே விழுந்திருக்கும். பேர் பீருக்குப் போய்விட்டது.

மாமா எனக்குப் போன் பண்ணினார். குரலே கம்மிப்போய் இருந்தது. "மாப்ள, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டியே? எனக்கு அந்தக் கடையில போய் நிக்க ஒரு மாதிரியா இருக்கு. யாராவது பாத்துட்டா ஒங்க அக்காவுக்கு அசிங்கம். நீ கம்பெனிலேருந்தே நல்ல சரக்கா, கலப்படம் இல்லாம, நாலு பாட்டில் கொண்டா."

அடுத்த லீவுக்கு நான் போனேன், வெறுங்கையோடு. "என்னா மாப்ள, மருந்து எங்க?" என்றார். உட்கார வைத்து, பீர் எப்படிச் செய்கிறார்கள் என்று அடியிலிருந்து சொன்னேன். தெரிந்தால் விட்டுவிடுவார் என்று நம்பினேன். படித்தவனுக்கு இப்படி ஒரு கிறுக்கு உண்டு.

"மாமா, பார்லின்னு ஒரு தானியம். அத தண்ணில ஊறப் போட்டு மொளைக்கட்டி, காய வெக்கிறாங்க. கொழந்தைக்குக் கேவுரு மொளைக்கட்டிக் காயவெச்சு மாவு அரைப்போம்ல, அதே வேலதான். லேசா காய வெச்சா பீரு வெளுப்பா வரும். தீய வறுத்தா கறுப்பா வரும். நம்ம ஊருல விக்கிறது வெளுப்புதான்."

"சரி" என்றார். அக்கா அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத ஒடச்சு, கூட அரிசிக் குருணையோ சோளமோ வேகவெச்சுப் போட்டு, சுடுதண்ணியில ஊற வெப்போம். மாவுல இருக்கிற ஸ்டார்ச்செல்லாம் சர்க்கரையா மாறிடும். குடிச்சுப் பாத்தா பானகம் கணக்கா இனிக்கும். வடிகட்டி, கொதிக்க விட்டு, ஹாப்ஸ்னு ஒரு கசப்புப் பூவைப் போடுவோம். பொடியாக்கி உருட்டி வரும், பாத்தா ஆட்டுப் புழுக்கைதான்."

"உவ்வே" என்றாள் அக்கா.

"அந்தக் கசப்புதாங்கா பீருல வர்றது. அப்புறம் ஆற வெச்சு ஈஸ்ட்டப் போடணும். மத்ததெல்லாம் வெக்கையில புளிக்கும். லாகருன்னு சொல்ற இந்தப் பீரு மட்டும் குளிருலதான் புளிக்கும். அந்த ஈஸ்ட்டு ஒரு சோம்பேறி. குளிருல மெதுவா சர்க்கரையத் தின்னு முடிச்சுட்டு அடியில போய்ப் படுத்துக்கும். அப்பறமும் அவசரப்படக் கூடாது. ஐஸ் கணக்கா குளிர வெச்சு வாரக்கணக்குல சும்மா போட்டு வெப்போம். கலங்கலெல்லாம் அடியில தங்கி, மேல தெளிஞ்சு நிக்கும். வடிகட்டிப் பாட்டில்ல அடைக்கிறோம். அவ்வளவுதான் மாமா. இதுல மருந்து எங்க இருக்கு? ஒண்ணு ரெண்டு தடவ ஒண்ணுக்கு அதிகமா போவும். அதுக்குத் தண்ணியக் குடிச்சாலே போதுமே."

மாமா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். ரோட்டில் எது கேட்டாலும் நடித்துக் காட்டும் மனுசர், அன்றைக்கு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி எங்கேருந்து மாப்ள எடுக்குறீங்க? நம்ம தண்ணியா?"

"போர் தண்ணிதான். ஆனா அப்படியே போட்டா வெளுப்பு பீரு நல்லா வராது. சுண்ணாம்ப எடுத்துட்டுத்தான் போடுவோம்."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கோர்ட்டில் கேஸ் ஜெயித்தவன் முகம். "பாத்தியா? சுண்ணாம்ப எடுக்குறாங்களாம்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ மாமா, தண்ணிலேருந்துதான் எடுக்குறோம். அதுக்கு வேற மிசினு. பீரு வந்து ஒங்க கிட்னிலேருந்து எடுக்காது!" அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரமே பெரியவர் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். இவர்கள் அதைக் குடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் ஒருநாள் திடுதிப்பென்று போய் நின்றபோது, அக்கா அடுப்பில் ஏதோ வைத்துக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். என்ன வாசனை இது, தெரிந்த வாசனையாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தால், பீர்! பீரைச் சட்டியில் ஊற்றி, சீரகம் தட்டிப் போட்டு, வெதுவெதுப்பாகக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

"என்னாக்கா பண்ற?"

"ஜில்லுன்னு குடிச்சா சளி புடிக்கும்டா அவருக்கு. அதுவும் இல்லாம அந்த நாத்தத்த அவரால சகிக்க முடியல. சீரகம் போட்டா ஜீரணமும் ஆவும்."

வாரக்கணக்காகக் குளிரில் வைத்துப் பாதுகாத்த சரக்கு. கொஞ்சம் சூடு ஏறினாலும் மேனேஜரிடம் பாட்டு வாங்குகிறவன் நான். அது அங்கே கஷாயமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார். அக்கா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். குடிகாரனைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவள், சாமிக்கு நைவேத்தியம் பண்ணுகிற மாதிரி அந்தப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஸ்கேன் எடுக்கப் போனீங்களா?" என்றேன். "வலி இப்ப முன்ன மாதிரி இல்லடா, போவலாம்" என்றாள்.

எங்கள் கம்பெனித் தொட்டிகளில் ஒரு விஷயம் உண்டு. பீர் இருந்து இருந்து, உள்பக்கச் சுவரில் சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காக ஒரு படிவு பிடிக்கும். பீர்க்கல் என்போம். அதைக் கழுவாமல் விட்டால் கிருமி சேர்ந்து அடுத்த சரக்கே கெட்டுப்போகும். சும்மா தேய்த்தால் போகாது, ஆசிட் விட்டுத்தான் கழுவ வேண்டும். லேபில் இருக்கிற மேடம் ஒருநாள் சொன்னார், கிட்னியில் வருகிற கல்லில் முக்கால்வாசியும் இந்தப் பீர்க்கல்லும் ஒரே பொருள்தான் என்று. அதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாட்டினார் மாமா என்று நினைத்தேன். கல்லைக் கரைக்கிற பீராக இருந்தால் தன் தொட்டியிலேயே எதற்குக் கல்லைக் கட்டுகிறது? இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு துண்டைச் சுரண்டிப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு, அரியலூர் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

மாமா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். விரலால் நுணுக்கினார். வாழ்நாளெல்லாம் கல் ஏற்றிய கை அது. "இது எங்கேருந்து வந்துச்சு?"

"பீருலேருந்துதான் மாமா. பீரு இருந்த தொட்டியிலேருந்து. ஒங்க கிட்னில இருக்குற அதே கல்லு. பாருங்க, பீரு கல்லக் கரைக்குதா, கல்லப் போடுதா?"

அவர் முகம் மலர்ந்துபோனது. "அதேதான் மாப்ள நானும் சொல்றேன்! இத்தன கல்லும் பீருக்குள்ள எப்படி வந்துச்சு? எவன் எவன் வயித்துலேருந்தோ புடுங்கி வெளிய தள்ளிருக்கு பாரு!"

"மாமா, அது யாரு வயித்துக்கும் போகாத பீரு! கம்பெனித் தொட்டி!"

"இருக்கட்டுமே. கல்லப் புடிச்சு இழுக்குற கொணம் அதுக்கு இருக்குல்ல?"

நான் கத்தினேன். அந்த வீட்டில் முதல் முறையாக, மாமாவை எதிர்த்து, மரியாதை இல்லாமல் கத்தினேன். நீங்க என்ன சின்னப் புள்ளையா, புத்தி இருக்கா, பீரு தெளியக் காத்திருக்கலாம், கிட்னிக்குக் காத்திருக்க முடியுமா, நாளைக்கே ஸ்கேன் எடுக்க வாங்க என்று. மாமா கோபப்படவில்லை. "வலியே இல்ல மாப்ள. சத்தியமா இல்ல. வலி இல்லாதவனக் கொண்டுபோய் கிழிக்கச் சொல்றியே, ஒனக்கே நியாயமா?" என்றார். பயந்த குழந்தையின் குரல். அக்கா எனக்குச் சோறு போட்டாள், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வலி இல்லை என்பது உண்மைதான். அதுதான் வினை. கல் கீழே இறங்கி, கிட்னியிலிருந்து ஒண்ணுக்கு வருகிற குழாயை அடைத்துக்கொண்டது. அடைப்பு நீடித்தால் சில பேருக்கு வலியே மட்டுப்பட்டுவிடுமாம். கல் கரைந்துவிட்டது என்று இவர்கள் கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு விபூதி அனுப்பினாள் அக்கா. உள்ளே ஒரு பக்கத்துக் கிட்னி வீங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மழைக்காலம் தொடங்கிய சமயம், லோடு வண்டியில் போகும்போது அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது என்று பெரியவர் சொன்னார். மலேரியா என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அக்கா எனக்குப் போன் பண்ணும்போது அவர் பிதற்றிக்கொண்டிருந்தார். அரியலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் வேலையிலிருந்து நேராக அங்கே போய் நின்றேன். யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை, கம்பெனி வாசனை என்மேல் வீசிக்கொண்டிருந்தது.

டாக்டர் இளவயது. என் சட்டையைப் பார்த்தார், அதில் கம்பெனி பெயர் போட்டிருந்ததைப் படித்தார். "அடைச்சு ரொம்ப நாளாயிருக்கு. சீழ் வெச்சு ரத்தத்துல கலந்திடுச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா சின்ன டியூப் போட்டே சரி பண்ணியிருக்கலாம்" என்றார்.

"பீர் குடிச்சாரு சார். கல்லுக்காக" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "பீர் அவர இப்படி ஆக்கல. அத நம்பி வராம இருந்தாரு பாருங்க, அதுதான்."

மாமா ஒருமுறை கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வாயில் வைத்திருந்த மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, "கிழிச்சுட்டாங்களா மாப்ள?" என்று கேட்டார். "இல்ல மாமா, கிழிக்கல" என்றேன். "அப்பாடா" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

வேலைக்குத் திரும்பிப் போனேன். போகாமல் என்ன செய்வது? சோறு தின்ன வேண்டுமே. குளிர் தொட்டிகளுக்கு நடுவில் நிற்கும்போது ஒரு சத்தமும் இருக்காது. உள்ளே பீர் அதுபாட்டுக்குத் தெளிந்துகொண்டிருக்கும். அந்தத் தொட்டியைக் காலால் எட்டி உதைத்தேன் ஒருநாள். பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. செத்துப்போன மனுசன்மேல்தான் அதிகம் வந்தது. இவ்வளவு சொன்னேனே ஐயா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இன்றைக்கும் எங்காவது லாரி ஹார்ன் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

கருமாதிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அக்கா அதிரசமும் முறுக்கும் சுட்டு வைத்தாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள், டீ ஒரு கிளாஸ் வைத்தாள். டிரைவர்கள் கூட்டமாக வந்தார்கள். பெரியவர் முன்னால் வந்து, அழுத முகத்தோடு, துண்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைத்துக் கும்பிட்டார். எங்கள் கம்பெனி பீர்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. குடிக்கவே குடிக்காத மனுசனைக் குடிகாரனாக்கி அனுப்புகிறார்களே என்று. அதுவும் இவர் கையால்! சபை என்றும் பார்க்காமல் பாய்ந்து போய்ப் பாட்டிலைத் தூக்கினேன். வீசி எறியத்தான் தூக்கினேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வைடா."

"அக்கா, இதாலதானே அவரு..."

"தெரியும் தம்பி. எனக்குத் தெரியாதா? வை." அவள் பிடியை விடவில்லை. "அங்க போயும் அந்த வலி வந்துச்சுன்னா, அந்த மனுசன் யாருகிட்டடா போய்க் கேப்பாரு?"

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"மூடியத் தொறந்து வையி" என்றாள் அக்கா.

திறந்து வைத்தேன்.